அப்பு கானின் கயிறு

தனிமைக்கு மருந்து துணை என்பது சிறுவர் கதைகளின் பழைய நம்பிக்கை. யாருமற்ற சிறுவனுக்கு ஒரு பேசும் பறவையோ, காட்டில் வழி தவறிய சிறுமிக்கு ஒரு குட்டிப் பூதமோ கிடைத்துவிட்டால் கதை நல்லபடியாக முடிந்துவிடும். துணையாக வந்து சேர்ந்த அந்த உயிருக்கு அங்கே இருக்க விருப்பம் உண்டா என்று அவற்றுள் பெரும்பாலானவை கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலேயே தொடங்கி அதிலேயே முடிகிற கதை ஒன்று உருது மொழியில் உண்டு. அதை எழுதியவர் ஜாகிர் ஹுசேன். 1967 முதல் 1969இல் இறக்கும் வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அவருடைய 'அப்பு கானின் ஆடு' என்னும் இச்சிறுகதையை வட இந்தியாவில் பல தலைமுறைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறார்கள்.

ஜாகிர் ஹுசேனைக் குழந்தைகளுக்காக எழுத வைத்த நிறுவனத்துக்கும் டெல்லியின் கரோல் பாக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1920இல் அலிகாரில், ஆங்கில அரசின் உதவியை மறுத்துத் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச்சாலையான ஜாமியா மில்லியா இஸ்லாமியா, 1925இல் கரோல் பாக்குக்கு இடம் மாறியது. அதன் முதல் வேந்தரான ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைத்தான் இன்று துணிக்கடைகளால் நிறைந்த அஜ்மல் கான் சாலை தாங்கி நிற்கிறது. பெர்லினில் பொருளியல் ஆய்வை முடித்துத் திரும்பிய ஜாகிர் ஹுசேன், 1926இல் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். குழந்தைகளுக்கான 'பயாமே தாலீம்' என்னும் இதழும் அக்காலத்தில்தான் பிறந்தது. அவர் தம் கதைக்கு ஆசிரியராக இட்ட பெயரோ, இளம் வயதிலேயே இறந்துபோன தம் மகளின் பெயரைக் கொண்ட ருகையா ரெஹானா என்னும் புனைபெயர். பிரிவைப் பற்றிய கதைக்குக் கீழே பிரிந்துபோன குழந்தையின் பெயர் நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

அல்மோரா மலையூரில் தனியாக வாழும் முதியவர் அப்பு கான். அவருக்கு ஆடுகள்தாம் பேச்சுத்துணை. ஆனால் அவை மலைச்சாதி ஆடுகள். எப்படிக் கவனித்துக்கொண்டாலும் ஒவ்வொன்றாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடுகின்றன, அங்கே ஓநாய்க்கு இரையாகின்றன. இனி ஆடே வேண்டாம் என்று முடிவு செய்த பிறகும் தனிமை பொறுக்காமல் இன்னொன்றை வாங்குகிறார், இளங்குட்டியாக இருந்தால் பழகிவிடும் என்ற நம்பிக்கையில். வெண்ணிறமான அந்த ஆட்டுக்குச் சாந்தினி என்று பெயர் வைத்து, பாசத்தைக் கொட்டி வளர்த்து, வேலி போட்ட இடத்தில் நீளமான கயிற்றில் கட்டி வைக்கிறார். கயிற்றை நீளமாக விட்டதே தம் அன்புக்குச் சான்று என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நீளமான கயிறும் கயிறுதான் என்பது கட்டப்பட்ட ஆட்டுக்கு மட்டுமே தெரிகிறது. சாந்தினி மெலிகிறது, ஒருநாள் வாய் திறந்து, தன்னை மலைக்கு அனுப்பிவிடும்படி கேட்கிறது. ஓநாயிடம் இரவெல்லாம் போராடிக் காலையில் மடிந்த முந்தைய ஆட்டின் கதையைச் சொல்லி மிரட்டிப் பார்க்கிறார் கிழவர். பயனில்லை. அறைக்குள் போட்டுப் பூட்டுகிறார், ஜன்னலை மறந்துவிடுகிறார். அதன் வழியே மலைக்கு ஓடும் சாந்தினி, அங்கே இரவெல்லாம் ஓநாயோடு போராடுகிறது.

இந்தக் கதையின் மூலம் பிரான்சில் இருக்கிறது. அல்போன்ஸ் தோதே 1869இல் நூலாக வெளியிட்ட காற்றாலைக் கடிதங்களில், திருவாளர் செகேனின் ஆடு இதே போல் ஓடி, இதே போல் இரவு முழுவதும் போராடி, விடியற்காலையில் ஓநாய்க்கு இரையாகிறது. தோதே அதைச் சொல்லும் தோரணை வேறு: பத்திரிகை வேலையை மறுத்துவிட்டு வறுமையில் உழலும் ஒரு கவிஞருக்கு, சுதந்திரம் பேசினால் கதி இதுதான் என்று பாதி கேலியும் பாதி கவலையுமாக எழுதப்பட்ட கடிதம் அது. ஜாகிர் ஹுசேன் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு முடிவை மட்டும் புரட்டிவிடுகிறார். விடியலில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி கேட்கும் வேளையில் சாந்தினி சாய்கிறது. மரத்திலிருந்து பார்த்த பறவைகள் வென்றது யார் என்று விவாதிக்கின்றன. ஓநாய்தான் என்று எல்லாப் பறவைகளும் சொல்ல, ஒரு கிழப்பறவை மட்டும் சாந்தினியே வென்றது என்று சாதிக்கிறது. ஓர் எச்சரிக்கைக் கதையை இத்தனை குறைந்த மாற்றத்தில் நேரெதிராகத் திருப்பிய தழுவல்கள் மிகச் சிலவே.

அடிமை நாட்டில் எழுதப்பட்டதால் இதை விடுதலைப் போராட்டத்தின் உருவகமாக, அதாவது ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் கதையாகப் படிப்பது வழக்கம். அது தவறில்லை, ஆனால் அப்படிப் படிக்கும்போது அப்பு கான் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார். ஓநாயை அன்னிய ஆட்சி என்று சொல்லிவிடலாம், அப்பு கானை என்னவென்று சொல்வது? அவர் கொடியவர் அல்லர், விற்று லாபம் பார்ப்பவரும் அல்லர். ஆட்டுக்காக உண்மையாகவே அழுகிறவர். அவர் செய்யும் பிழை மிக எளியது, ஆகவே மிகப் பரவலானது: தம் தனிமையைத் தீர்க்கும் பொறுப்பை இன்னோர் உயிரின் மேல் சுமத்திவிட்டு, அந்தச் சுமைக்கு அன்பு என்று பெயரிடுகிறார். சைவ சித்தாந்தத்தில் உயிர் கட்டுண்ட பசு, கட்டை அவிழ்ப்பவன் இறைவன். கட்டியவரே கட்டுண்டவராகவும் இருக்கும் இந்த நிலைக்கு அந்தத் தத்துவத்தில் நேரான இடம் இல்லை. குடும்பங்களிலோ தாராளமாக இருக்கிறது.

கட்டுகளே வேண்டாம் என்பதும் கதையின் கட்சி அன்று. தமிழில் 1981இல் க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' நூலைப் படித்தவர்களுக்கு அதில் வரும் நரி நினைவிருக்கும். தன்னைப் பழக்கிக்கொள்ளும்படி நரியே இளவரசனிடம் கேட்கிறது, அதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்றும் அதுவே கற்றுத் தருகிறது. கேட்டுப் பெற்ற உறவுக்கும் பூட்டி வைத்த உறவுக்கும் உள்ள தூரம்தான் இவ்விரண்டு கதைகளுக்கும் இடையிலான தூரம். கரோல் பாக் ஆண்டுகளிலேயே இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று உண்டு. பணமில்லாமல் ஜாமியா மூடப்படும் நிலைக்கு வந்தபோது, அதன் ஆசிரியர்கள் 150 ரூபாய்க்கு மேல் மாதச் சம்பளம் பெறாமல் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக 1928இல் உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கயிற்றின் முனை அவர்கள் கையிலேயே இருந்தது. ஜாகிர் ஹுசேனை பெர்லினில் அறிந்திருந்த யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்போர்ன், ஜெர்மனியை விட்டு இங்கு வந்து சேர்ந்து, சிறு பிள்ளைகளின் கல்வியைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டார். 'ஆப்பா ஜான்', அதாவது அன்பு அக்கா, என்று அழைக்கப்பட்ட அவர், 1943இல் இறக்கும் வரை ஜாமியாவைச் சேர்ந்தவராகவே வாழ்ந்தார். அவர் வந்ததும் தங்கியதும் அவரே தேர்ந்தவை.

1930களின் நடுவில் ஜாமியா ஓக்லாவுக்குப் பெயரத் தொடங்கியது. பிரிவினைக்குப் பின் கரோல் பாக்கின் முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேற, மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்து குடியேறினார்கள்; மத்திய அரசு வேலைக்காக வந்த தமிழர்களும் பெருகினார்கள். அருகே பூசா சாலையில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்க வைத்து வளர்த்த பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, மேற்கு விரிவாக்கப் பகுதியின் மாடி வீடுகளில் தங்கிவிட்ட முதியவர்கள் உண்டு. பக்கத்துப் பழைய ராஜேந்திர நகரின் குறுகிய அறைகளில், குடிமைப் பணித் தேர்வுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் இளைஞர்களும் உண்டு. ஒரே வட்டாரத்தில் அப்பு கான்களும் சாந்தினிகளும், வெவ்வேறு வீட்டைச் சேர்ந்தவர்களாக. "சாப்பிட்டியா?" என்று இரவுதோறும் ஊரிலிருந்து வரும் தொலைபேசிக் குரல் சில பிள்ளைகளுக்குத் தெம்பு, சிலருக்குச் சுருக்கு, சொல் ஒன்றாகவே இருக்க, "எப்போது வருகிறாய்?" என்ற அடுத்த கேள்வி எந்தத் தொனியில் வருகிறது என்பதில்தான் அது தீர்மானமாகிறது.

குழந்தைகளுக்கு இந்தக் கதை கொடூரமானது என்று சிலர் தயங்குவதுண்டு. சாந்தினியின் சாவைக் காட்டிலும், தன்னை நேசிப்பவரை விட்டுப் போகலாம் என்று கதை அனுமதிப்பதுதான் பெரியவர்களை உறுத்துகிறதோ என்னவோ. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது அவர்களுக்கு என்றோ தேவைப்படப்போகிற அனுமதி. அப்பு கான் மறுபடி ஓர் ஆடு வாங்கினாரா என்று ஜாகிர் ஹுசேன் எழுதவில்லை. வாங்கியிருப்பார் என்றே தோன்றுகிறது. இம்முறை ஜன்னலையும் சாத்தியிருப்பார்.