பொறுத்துப் போவதும் ஏற்றுக்கொள்வதும்



நம் கல்யாண வீடுகளில் மணமகன் மணமகளின் காலைப் பிடித்து அம்மியில் வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லைப் போல் உறுதியாக இரு என்பது அதன் பொருள். அம்மியில் ஏறுவது பெண்ணின் கால் மட்டுமே. பின்னாளில் பிணக்கு வரும்போது “கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை” என்று பெரியவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அவளுக்குத்தான். இந்தப் பொறுமை அறமா, ஒருவர் தலையில் மட்டும் ஏற்றும் சுமையா?

குட்மேய்ஸில் ஓர் இளம் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். மனைவி இங்கே பிறந்து வளர்ந்தவர். கணவர் கல்யாணத்தின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இரவு வேலை செய்கிறார். மாதாமாதம் தாய்க்குப் பணம் அனுப்புகிறார். வீட்டுச் செலவைப் பற்றி மனைவி கேட்கிறார். கணவர் மௌனமாகிறார். மனைவி குரலை உயர்த்துகிறார். கணவர் வெளியே போய்விடுகிறார். நாளைக்கும் இதே கதைதான்.

இத்தகைய பிணக்குகளுக்காக 1990களில் அமெரிக்க உளவியலாளர்களான அன்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதற்கு முந்திய முறை, ‘நீ இதை மாற்று, நான் அதை மாற்றுகிறேன்’ என்ற உடன்பாட்டையே பெரிதும் நம்பியிருந்தது. அப்படி வந்த மாற்றம் பலரிடம் நிலைக்கவில்லை. ஆகவே அவர்கள் மாற்றத்தோடு ஏற்றுக்கொள்ளலையும் சேர்த்தார்கள்.

முதல் அமர்வில் இருவரையும் சேர்த்துச் சந்திப்பார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனியே கேட்பார்கள். அதன்பின், சண்டையின் வேர் எங்கே என்பதை இருவர் முன்னும் வைப்பார்கள். “உங்களுக்கு வீட்டில் அக்கறையில்லை” என்ற மனைவி, “நீங்கள் பேசாமல் போனால் நான் தனித்துப்போனதுபோல் பயப்படுகிறேன்” என்று சொல்லப் பழகுகிறார். “சத்தம் கேட்டால் நான் தோற்றுப்போனவன் என்று தோன்றுகிறது” என்று கணவர் வாய் திறக்கிறார். அப்போது எதிரி ஒருவரையொருவர் அல்ல, இருவரும் மாட்டிக்கொண்ட அந்தச் சுழல்தான் என்பது புரிகிறது.

இது மந்திரமன்று. நீண்டகாலப் பிணக்கிலிருந்த 134 தம்பதியரை வைத்து இந்த முறையையும் பழைய முறையையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளின் பின் இரண்டிலும் ஏறக்குறைய பாதித் தம்பதியரே நன்கு முன்னேறியிருந்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் பிரிந்துவிட்டார்கள்.

ஆயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. பொறுத்துப் போவது ஒருவர் வாயை மூடுவது. ஏற்றுக்கொள்வது இருவர் வாயையும் திறப்பது. முன்னதில் மனக்குறை உள்ளே புளிக்கிறது. பின்னதில் குறை சொல்லப்படுகிறது, கேட்கப்படுகிறது, அதன்பின்பே மன்னிக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் ஏற்றுக்கொண்டால் அது அடங்கிப்போவதேயன்றி வேறல்ல.

எதை ஏற்பது என்பதற்கும் எல்லை உண்டு. சுபாவத்தை ஏற்கலாம், வளர்ந்த விதத்தை ஏற்கலாம், அடியை ஏற்கக்கூடாது. மேற்சொன்ன ஆய்விலும் கடும் வன்முறை இருந்த தம்பதியரைச் சேர்க்கவில்லை. கைநீட்டாமலே துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி வதைப்பதும் இங்கிலாந்தில் 2015 முதல் குற்றம். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குப் பொறுமையைப் போதிப்பது பாவம். குடும்ப வன்முறைக்கான இலவச உதவி எண் 0808 2000 247, எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தெனில் 999.

மற்றவர்கள் குடும்ப வைத்தியரிடம் பேசலாம். தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் சில இடங்களில் தம்பதியருக்கான சிகிச்சையும் கிடைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியவர்களே, அடுத்தமுறை ஒரு பிள்ளை கண்கலங்கி வந்தால் “பொறுத்துப் போ” என்று அனுப்பிவிடாதீர்கள். “இருவரும் வாருங்கள், கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். அதற்கும் பயந்து தனியே வந்தவளாக இருந்தால், முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள்.