பேத்தி பிடித்த கொழுக்கட்டை

பொய் சொல்லக் கூடாது என்று பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். சென்ற பிள்ளையார் சதுர்த்தியன்று அவளிடம் பொய் சொன்னவனும் நான்தான்.

அவளுக்கு 6 வயது. பாட்டியோடு கொழுக்கட்டை பிடிக்க அடுக்களையில் உட்கார்ந்தாள். கொழுக்கட்டையில் பூரணம் பெரிய காரியமல்ல. தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்துவிட்டால் ருசிக்காமல் என்ன செய்யும்? செய்கிறவரின் பெயர் நிற்பதும் கெடுவதும் மேல்மாவில். கொதிக்கிற தண்ணீரில் உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, அரிசி மாவைத் தூவிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். ஆறவிட்டால் வெடிக்கும், தடித்தால் பல்லில் ஒட்டும். அவள் பிடித்த ஐந்திலும் விளிம்பு பிளந்து பூரணம் வெளியே எட்டிப் பார்த்தது.

"பிரமாதம்!" என்றாள் என் மனைவி. குழந்தை கை கழுவப் போனதும் பூரணத்தை வழித்தெடுத்துவிட்டு, அந்த மாவை மறுபடி உருட்டிச் சிப்பி போல மடித்து இட்லிப் பானையில் வைத்தாள். நான் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்.

இலையில் விழுந்ததும், "இது நான் பண்ணினதா, தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாம், கண்ணு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒவ்வொண்ணுக்கும் விரலாலே குழி வச்சேனே, காணோமே?" என்றாள். அழவில்லை. அதை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு சலுகை தருகிறார். அதில் ஒதுங்க இடமிருக்கிறதா என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். குழந்தையின் மனம் நோகாமலிருக்க என்று சொல்லிக் கொண்டோமே தவிர, மத்தியானம் வரவிருந்த சம்பந்தி வீட்டார் முன்னால் தட்டு அழகாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை. (பிள்ளையார் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்.) குழந்தையின் சிறு கை அளைந்த கூழ் அமுதத்தைவிட இனியது என்றவரும் அதே வள்ளுவர்தான், வடிகட்டிக் குடிக்கச் சொல்லவில்லை.

வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராகிறான் என்றார் அரிஸ்டாட்டில். அவன் கட்டிய கோணல் சுவரை இரவோடு இரவாக யாரோ நேராக்கிவிட்டுப் போனால் அவன் எதைக் கற்பான்?

"வெடிச்சதை நாலு பேர் முன்னாலே வச்சா அதுக்கு வெட்கமா இராதா?" என்றாள் மனைவி. அதையும் நான் தள்ளிவிட முடியவில்லை. உண்மையைச் சொல்லிக் குழந்தையைக் கூசவைப்பது ஒன்றும் பெரிய தருமமல்ல. அந்தக் கைக்கு எட்டாத வேலையை முதலில் கொடுத்ததே எங்கள் பிழை.

மறுநாள் காலை, பிய்த்தது நாங்கள்தான் என்று பேத்தியிடம் ஒப்புக் கொண்டேன். "தெரியும்" என்றாள். நாலு நாள் அடுக்களைப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மிணிக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறினோம். வெறும் உருண்டைதான், அவளே வந்து உட்கார்ந்து உருட்டினாள். சில சுண்டைக்காய் அளவு, சில நெல்லிக்காய் அளவு. அப்படியே வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்துத் தேங்காய்த் துருவலைப் போட்டுப் பிரட்டினாள் பாட்டி. யாரும் பிரமாதம் என்று சொல்லவில்லை.

"பெரிசு உள்ளே வேகலையே, பாட்டி."

"ஆமாம், சின்னதா உருட்டணும்."

கடித்த பாதியை என் இலையில் போட்டுவிட்டு, ஒரு சுண்டைக்காயைத் தேடி எடுத்துக் கொண்டாள்.