பயன்படாத முனையும் ஆன்மாவின் சார்பும்

பற்றறுத்தல் என்பது எதனோடும் சேராதிருத்தலா என்னும் பழைய வினா, பெரும்பாக்கத்தில் மின்பலகை வடிவமைக்கும் நண்பர் ஒருவரின் மேசையில், பிராசசருக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் சிப் ஒன்றைக் கண்டபோது என்னுள் மீண்டும் எழுந்தது. 2018-இல் சிலிக்கானில் உருப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' முதலாக எந்தப் பிராசசரானாலும், அதன் பலகையில் வேலையற்ற உள்ளீட்டு முனையொன்றை இணைக்காமல் விட்டால் அது சுதந்திரமடைவதில்லை. அருகில் ஓடும் சிக்னலையும் தொடும் விரலையும் பற்றிக்கொண்டு, பூஜ்யமும் அன்றி ஒன்றும் அன்றி இடைநிலையில் அது தத்தளிக்க, உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் இரண்டும் ஒருசேரத் திறந்து மின்சாரத்தை வீணே வெப்பமாக்குகின்றன. ஆகவே மின்சாரம் பகிரும் அந்தச் சிப்பில், பயன்படாத மின்னழுத்த கன்வெர்ட்டரின் எனேபிள் முனையையும், பெரும்பாலும் ஃபீட்பேக் முனையையும், கிரவுண்டோடு பிணைக்கிறார்கள். ஸ்விட்ச் முனையோ தானே மின்சாரத்தைத் தள்ளும் இயல்புடையதாதலால், அதைப் பிணைக்காமல் திறந்தே விடுகிறார்கள். எதற்கு எது என்பதை டேட்டாஷீட்டே விதிக்கும். ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

உயிரின் நிலையும் இம்முனையைப் போன்றதே: 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்றும், பாசத்தை நீங்கிய உயிர் சிவன் திருவடியைச் சார்ந்தே நிற்கும் என்றும் போதிக்கிறது. துறவென்று கருதி மனத்தை அந்தரத்தில் விடுவோரைக் காணும்போதெல்லாம் இந்தச் சித்தாந்தத்தின் சத்தியம் எனக்கு உறுதிப்படுகிறது. ஆயினும் ஜடமாகிய முனையைப் பிணைக்கப் பிறர் கரம் வேண்டும். அறிவுடைய ஆன்மாவோ, அருள் வந்து சேர்க்கும்போது தானும் விரும்பி இசைய வேண்டும் என்றே நான் கொள்கிறேன்.