பிரித்தால் புரியும்

ஆங்கிலத்தில் ‘அன்லாக்கபிள்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ‘லாக்’ என்றால் பூட்டு. அதோடு முன்னொட்டான ‘அன்’ முதலில் சேர்ந்து, பிறகு பின்னொட்டான ‘ஏபிள்’ வந்தால் ‘திறக்கக்கூடியது’. ‘ஏபிள்’ முதலில் சேர்ந்து, பிறகு ‘அன்’ வந்தால் ‘பூட்ட முடியாதது’. துண்டுகள் அவையே, சேரும் வரிசைதான் வேறு.

ஆங்கில வாக்கியத்திலும் வரிசைதான் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்பதைத் தமிழில் ‘பூனையை நாய் துரத்தியது’ என்று மாற்றினாலும் துரத்தியது நாய்தான். ‘ஐ’ உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. ‘டாக்’, ‘கேட்’ இரண்டும் இடம் மாறினால் துரத்துவது பூனையாகிவிடும். நாளுக்கு ஒரு சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் இப்படிப் பிரித்துப் பழகினால், ஆங்கிலத்தின் கட்டமைப்பு தானாகப் பிடிபடும்.