அறிந்தும் கேட்ட ஆண்டவர்



ஏதேன் தோட்டத்திலே, மாலைக் காற்று வீசிய வேளையில், மரங்களுக்கிடையே ஒளிந்திருந்த ஆதாமைக் கூப்பிட்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று ஆண்டவர் கேட்டார். ஆதியாகமத்தின் 3ஆம் அதிகாரத்தில் வரும் இக்கேள்வியை நாம் ஞானோபதேச வகுப்புக் காலம் முதல் அறிவோம். ஆயினும் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் அறிந்த கடவுளுக்கு அவன் எந்த மரத்தின் பின்னால் நிற்கிறான் என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டார். கிளையை விலக்கி, கையைப் பிடித்து அவனை வெளியே இழுத்துவிடவில்லை. அவனாகவே வாய் திறப்பதற்கு இடங்கொடுத்தார். ஆதாம் சொன்ன பதிலிலே மரமும் இல்லை, மூலையும் இல்லை. பயந்ததைச் சொன்னான், ஒளிந்ததைச் சொன்னான்.

இந்த வாரம் இதனை எடுத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் பிள்ளைகளின் கையிலும், ஏன், உங்கள் கையிலும் இருக்கின்ற கைத்தொலைபேசி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பகல் முழுவதும் அறிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது கேட்பதில்லை.

தொடக்கத்தில் அதுவும் கேட்கத்தான் செய்தது. அமெரிக்காவிலே, 2009ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் நடந்த ஒரு விழாவின்போது போர்ஸ்குவெயர் என்னும் செயலி அறிமுகமாயிற்று. டெனிஸ் குறோலி, நவீன் செல்வதுரை என்னும் இருவர் அதனை உருவாக்கினர். (செல்வதுரை என்ற பெயரைக் கண்டதும் நம்மவர் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். மீதியையும் வாசித்துவிட்டுப் பெருமைப்படுங்கள்.) ஒரு கோப்பிக் கடைக்கோ நூலகத்துக்கோ போனவர், தொலைபேசியை எடுத்து, வந்துவிட்டேன் என்று பதிய வேண்டும். இதைச் செக்-இன் என்பார்கள். நமது பள்ளிக்கூடத்து வரவு இடாப்புக்கு 'உள்ளேன் ஐயா' என்று சொல்வது போலத்தான். சிநேகிதர்கள் அதைக் காண்பார்கள். 60 நாட்களுக்குள் ஓர் இடத்துக்கு மிகக் கூடிய நாட்கள் வந்து பதிந்தவருக்கு அவ்விடத்தின் 'நகரபிதா' என்ற பட்டமும் கிடைக்கும். கோப்பிக் கடைக்கும் நகரபிதா, புகையிரத நிலையத்துக்கும் நகரபிதா, ஆண்டவருடைய ஆலயத்துக்குங்கூட ஒரு நகரபிதா!

பட்டத்துக்காக மனிதர் எதைத்தான் செய்யமாட்டார்கள்? வீட்டிலே சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே ஊரெல்லாம் போய்வந்ததாகப் பதிந்தவர்கள் பெருகினர். ஆகவே 2010இல் அந்த நிறுவனம், தொலைபேசி உண்மையாகவே அவ்விடத்துக்கு அருகில் நிற்கிறதா என்பதைச் செய்மதி உதவியோடு சோதித்துப் பார்த்துப் பட்டம் வழங்கத் தொடங்கியது. ஞாயிறு பூசையிலே உடலை வாங்கில் இருத்திவிட்டு மனதைச் சந்தைக்கு அனுப்புகிற நம்மைச் சோதிக்க அந்தச் செய்மதியால் முடியாது. அது நமது பாக்கியம்!

விளையாட்டு விளையாட்டாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2010 மாசி மாதத்தில் ஒல்லாந்து நாட்டு இளைஞர் மூவர் 'தயவுசெய்து என்னைக் கொள்ளையிடு' என்று பொருள்படும் பெயரில் ஓர் இணையத்தளம் தொடங்கினர். இன்ன இடத்தில் நிற்கிறேன் என்று மக்கள் தாமாகவே ஊரறியப் பகிர்ந்த பதிவுகளை ஒன்று திரட்டி, இதோ ஆளில்லாத வீடுகள் என்று காட்டினார்கள். களவெடுக்க அல்ல, எச்சரிப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். 2012இல் ஒரு ரஷ்ய நிறுவனத்தின் செயலி இதைவிடக் கேவலமான காரியம் செய்தது. அயலிலே நிற்கும் இளம் பெண்களைப் படத்துடன் வரைபடத்தில் காட்டிற்று. அப்பெண்கள் போர்ஸ்குவெயரிலும் முகநூலிலும் எவரும் பார்க்கும்படி விட்டிருந்த விபரங்களே அதற்கு மூலப்பொருள். விடயம் வெளியானதும் போர்ஸ்குவெயர் தகவலை மறித்துவிட்டது, செயலியும் விலக்கப்பட்டது. அங்கே எவரும் பூட்டு உடைக்கவில்லை என்பதைப் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

அதன் பின்னர் வந்ததுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. 2017இல் போர்ஸ்குவெயர் தனது ஒரு கருவியை மற்றச் செயலிகளும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. தொலைபேசி சட்டைப் பையில் கிடந்தபடியே, இவர் இந்தக் கடையில் நின்றார், இப்போது புறப்பட்டார் என்று அதுவே கண்டுகொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பில்கிரிம், அதாவது யாத்திரிகன்! மருதமடுவுக்கு ஆவணித் திருநாளுக்குக் கால்நடையாகப் போன நமது பாட்டன் பாட்டிமார் சுமந்த பெயர் அது. அவர்கள் போகுமிடத்தை அறிந்து போனார்கள், கேட்டவருக்கு வாயாற் சொன்னார்கள். இந்த யாத்திரிகனுக்கோ வாயே இல்லை. அவன் சார்பில் வேறொருவர் பதிகிறார், அந்தப் பதிவு வியாபாரமாகிறது. போர்ஸ்குவெயரின் பழைய நகர வழிகாட்டிச் செயலி 2024 மார்கழியில் மூடப்பட்டது. வருகை பதியும் சுவார்ம் என்ற செயலியும், இடத் தகவல் வியாபாரமும் தொடர்கின்றன.

சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யார் வீட்டில் தங்குவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். பொலிசில் பதியவும் 'பாஸ்' எடுக்கவும் வரிசையில் நின்றோம். இருப்பிடம் பிறர் கையில் இருப்பது என்னவென்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாங்களே இன்று எதையும் வாசியாமல் 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே!

இனி வீட்டுக்குள் வருவோம். பெற்றோர் பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பார்ப்பதற்கென்றே செயலிகள் உண்டு. லைஃப்360 என்பது அவற்றுள் பேர்போனது. பிள்ளையின் பாதுகாப்புக்காகக் குடும்பங்கள் அதை நம்பின. அது குடும்பங்களின் இருப்பிடத் தகவலைத் தரகர்களுக்கு விற்று வந்தது என்று 2021 மார்கழியில் பத்திரிகையாளர் வெளிப்படுத்தினர். துல்லியமான இருப்பிடத் தகவலை விற்பதை நிறுத்துவதாக அடுத்த மாதமே நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

பிள்ளையைத் தேடுவது பிழையென்று நான் சொல்லவில்லை. தேவமாதாவும் சூசையப்பரும் தேடினார்கள். பன்னிரண்டு வயதுப் பாலனை யெருசலேமிலே விட்டுவிட்டு, கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்தார்கள். மூன்றாம் நாள் ஆலயத்தில் கண்டபோது மாதா செய்தது என்ன? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார், தாங்கள் பட்ட வேதனையையும் மறைக்காமல் சொன்னார். யேசு பதில் கூறினார். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இடம் தெரிந்துவிட்டது, மகன் விளங்கவில்லை! விளங்காததை அந்தத் தாய் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தார்.

ஆகவே இன்று செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தொலைபேசியில் இருப்பிடம் பற்றிய அமைப்பைத் திறந்து பாருங்கள். எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கே வரிசையாக இருக்கும். தேவையற்றதை மறித்துவிடுங்கள். பிள்ளையின் இருப்பிடத்தை நீங்கள் பார்ப்பதாயின் அவனுக்குச் சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒளித்துப் பார்க்கிற வீட்டில் பிள்ளையும் ஒளிக்கப் பழகும்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தகப்பன் என்னிடம் தம் தொலைபேசியைக் காட்டினார். கொழும்பில் படிக்கும் மகள் ஒரு நீலப் புள்ளியாக அதில் தெரிந்தாள். "பிள்ளை விடுதியிலதான் நிக்கிறா சுவாமி, மூண்டு நாளா வெளியில போகேல்லை, நல்லாப் படிக்கிறா" என்றார். கடைசியாக எப்போது அவளோடு கதைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

அன்றிரவே மகளை அழைத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்டாராம். "உங்களுக்குத்தான் தெரியுமே அப்பா" என்று அவள் சிரித்திருக்கிறாள். "தெரியும், நீ சொல்லு" என்றாராம் இவர். அதன் பிறகுதான், மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்த கதை வெளியே வந்தது.