ஓவியரின் என்எஃப்டியும் வேலை கொடுப்பவரின் பங்கும்

என்எஃப்டி என்பது பிளாக்செயின் எனப்படும் பொதுக் கணக்கேட்டில் இடப்படும் ஒரு பதிவு. இன்ன படத்துக்குரிய குறியீடு இப்போது இன்னாரிடம் இருக்கிறது என்பதை அது சொல்லும். படம் பெரும்பாலும் அந்த ஏட்டுக்கு வெளியே வேறொரு கணினியில்தான் இருக்கும். அதைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் யாராலும் முடியும். பதிவை வாங்கியவருக்குப் படத்தின் பதிப்புரிமை தானாக வந்துவிடுவதில்லை. எத்தீரியம் பிளாக்செயினில் இதற்கான பொது விதிமுறை, இஆர்சி-721 என்ற பெயரில், 2018இல் வெளியானது. 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க ஓவியர் மைக் விங்கெல்மனின் 5,000 படங்களைக் கொண்ட ஒரே படைப்பை 6.93 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் சிங்கப்பூரில் இருந்து இயங்கிய தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். அதுவரை சிறு வட்டத்தில் பேசப்பட்டது அன்று உலகச் செய்தியானது.

புத்தக அட்டை, விளையாட்டுக்கான பாத்திரப் படம், நிறுவனச் சின்னம், குடும்பப் படம் என்று கூலிக்கு வரைந்துவந்த தனி ஓவியர்கள் பலர் அதன் பின் என்எஃப்டி விற்கத் தொடங்கினர். அதோடு ஓர் அறக் கேள்வியும் பிறந்தது. என்எஃப்டி விற்பனை தவறு என்று கருதும் ஒருவர், அதைச் செய்யும் ஓவியரிடம் வேறொரு படம் வரையச் சொல்லிப் பணம் கொடுத்தால், அந்தத் தவறில் அவருக்கும் பங்கு உண்டா? தொழில்நுட்பம் புதிது, கேள்வி மிகப் பழையது.

என்எஃப்டி மீதான குற்றச்சாட்டுகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. மின்சாரம் பற்றியதுதான் முதலில் உரக்க எழுந்தது. அன்றைய எத்தீரியத்தில் ஒவ்வொரு தொகுதிப் பதிவையும் உறுதிசெய்ய உலகெங்குமுள்ள கணினிகள் ஒரு கணக்குப் புதிரை முந்தி விடுவிக்கப் போட்டியிட்டன. வென்றதற்குப் பரிசு கிடைத்தது. தோற்றவை செலவிட்ட மின்சாரம் வீணானது. பிரெஞ்சுக் கலைஞர் ஜோனி லெமெர்சியே, தம் ஆறு படைப்புகளின் விற்பனை பத்து விநாடிகளில் தம் கலைக்கூடத்தின் இரண்டாண்டு மின்செலவை மிஞ்சிவிட்டதாகக் கணக்கிட்டு, அடுத்து வைத்திருந்த விற்பனைகளைக் கைவிட்டார். ஒரு பதிவு கூடுவதாலோ குறைவதாலோ கணினிகளின் ஓட்டம் மாறாது, போட்டி எப்படியும் நடக்கும் என்றது மறுதரப்பு. பதிவுக் கட்டணம் போட்டியாளரின் வருவாயைக் கூட்டி மேலும் பல கணினிகளை உள்ளே இழுக்கிறது என்பது அதற்கு வந்த பதில்.

இந்த வழக்கு 2022 செப்டம்பர் 15 அன்று பெரும்பாலும் முடிந்தது. புதிர்ப் போட்டியை விட்டுவிட்டு, தம் எத்தீர் நாணயத்தைப் பிணையாக வைத்தவர்களே பதிவுகளை உறுதிசெய்யும் முறைக்கு எத்தீரியம் அன்று மாறியது. மின்செலவு ஏறத்தாழ 99.95 விழுக்காடு குறைந்ததாக எத்தீரியம் அறக்கட்டளை மதிப்பிட்டது. டெஸோஸ் போன்ற சில பிளாக்செயின்கள் தொடக்கத்திலேயே அப்படித்தான் இயங்கின. 2021இல் நேர்மையாகச் சொல்லத்தக்கதாக இருந்த ஒரு குற்றச்சாட்டை இன்றும் அதே சொற்களில் சொல்வது நேர்மையாகாது. உண்மை மாறிய பின்னும் மாறாத தீர்ப்பு, அறத்தைவிட்டுப் பழக்கத்தைச் சேர்ந்துவிடுகிறது.

மற்ற இரண்டு குற்றச்சாட்டுகள் நிற்கின்றன. ஒன்று படத்திருட்டு. தன் இலவசக் கருவியால் உருவான என்எஃப்டிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை திருடிய படைப்புகள், போலித் தொகுப்புகள், குப்பைகள் என்று ஓப்பன்சீ என்ற என்எஃப்டி சந்தையே 2022 ஜனவரியில் அறிவித்தது. கின்னி என்ற பெயரில் வரைந்துவந்த கனடிய ஓவியர் 2020 பிப்ரவரியில் இறந்தார். மறு ஆண்டே அவருடைய படங்களை யாரோ என்எஃப்டியாக விற்றனர். இந்தக் குற்றம் திருடியவரைச் சாரும். தம் படத்தைத் தம் பெயரில் விற்கும் ஓவியர் இதில் பாதிக்கப்படும் தரப்பில்தான் இருக்கிறார். மற்றொன்று ஊகவாணிபம். படத்தின் மேல் உள்ள விருப்பத்தால் ஒருவர் வாங்கினால் அதில் யாருக்கும் கேடில்லை. நாளை விலை ஏறும் என்று ஆசைகாட்டி விற்றால், கடைசியாக வாங்கியவர் கையில் இழப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே ‘என்எஃப்டி விற்பவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அறத்தளவில் மிக வேறுபட்ட மனிதர்கள் அடங்குகிறார்கள். யாரைப் பற்றிய கேள்வி என்று கேட்காமல் விடை தேடக்கூடாது.

பிறர் செயலில் ஒருவருக்கு எப்போது பங்கு வருகிறது என்பதை இந்தியச் சமயங்கள் நுணுகி ஆராய்ந்திருக்கின்றன. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்பவருக்கு உடன்பட்டு மகிழ்தல் என்று சமணம் வினைக்கு மூன்று வாயில்களைக் காண்கிறது. மூன்று வழியிலும் வினை ஒட்டும். பௌத்தம் இல்லறத்தாருக்கு ஐந்து வாணிபங்களை விலக்கியது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு. ஆனால் பிச்சையில் இறைச்சி விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜீவக சூத்திரத்தில் புத்தர் வேறோர் அளவுகோல் தருகிறார். அந்த உயிர் தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்டாலோ, கேட்டாலோ, ஐயுற்றாலோ பிக்கு அதை ஏற்கக்கூடாது. மூன்றும் இல்லையென்றால் ஏற்கலாம்.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்தச் சலுகையை விலைக்கு வாங்குபவருக்குத் தர மறுக்கிறது. கொல்லும் கை வேறாக இருந்தாலும் அந்தக் கையை இயக்குவது வாங்குபவரின் காசு என்பது வள்ளுவர் வாதத்தின் சாரம். எத்தீரியத்தின் மின்செலவு பற்றி 2021இல் நடந்த விவாதமும் இதேதான். ஒருவர் வாங்குவதால் ஒன்றும் கூடுவதில்லை என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ளலாம்; எல்லாரும் வாங்குவதால்தான் சந்தை நிற்கிறது.

வள்ளுவர் வாதத்தின் வலிமை அது தொடும் இடத்தைப் பொறுத்தது. இறைச்சி வாங்குபவரின் காசு கொலையின் விளைபொருளையே வாங்குகிறது. அவ்வாறே என்எஃப்டி வாங்குபவரின் காசு என்எஃப்டி சந்தையை நேராக நிறுத்துகிறது. புத்தக அட்டைக்குப் பணம் கொடுப்பவர் அட்டைப்படத்தைத்தான் வாங்குகிறார். இறைச்சிக்கடைக்காரர் பகுதிநேரமாகத் தச்சுவேலையும் செய்தால், அவரிடம் நாற்காலி செய்யச் சொன்னவர் புலால் வாங்கியவர் ஆகமாட்டார். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழி சுமத்துவது, குறளின் கூர்மையான வாதத்தை அதற்குரியதல்லாத இடத்தில் வீசுவதாகும்.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கத்தோலிக்க அறநூலாளர் அல்ஃபோன்சஸ் லிகோரி இதே நிலத்தை வேறு வழியாக அளந்தார். தீயவனின் நோக்கத்திலேயே சேர்ந்துகொள்வது ஒருவகை ஒத்துழைப்பு. அது எப்போதும் தவறு. நோக்கத்தில் சேராமல், தன் செயல் அவனுக்கு ஏதோ விதத்தில் உதவிவிடுவது மற்றொரு வகை. அதன் தவறு, செயல் எவ்வளவு நெருக்கமானது, அதைச் செய்ய எவ்வளவு தக்க காரணம் உண்டு என்பவற்றைப் பொறுத்தது. இஸ்லாமியச் சட்டநெறியிலும் சூதாட்டமும் மிகுந்த நிச்சயமின்மை கொண்ட வணிகமும் விலக்கப்பட்டவை; என்எஃப்டி அவற்றுள் சேரும் என்று கருதுபவர் அதை வாங்கவோ விற்கவோ மாட்டார். ஆயினும் வருவாயில் ஆகுமானதும் ஆகாததும் கலந்த ஒருவரிடம் ஆகுமான பொருளுக்காகக் கொடுக்கல் வாங்கல் வைப்பதை அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் விலகி நிற்கும் மரபுகள் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்வது கவனிக்கத்தக்கது. வேலை கொடுப்பவரின் பங்கு, ஓவியரின் மொத்த வாழ்க்கைக் கணக்கை வைத்து வருவதன்று. தன்னிடமிருந்து அந்த விற்பனைக்கு எது போகிறது என்பதை வைத்து வருவது. வரையச் சொன்ன படமே என்எஃப்டியாகப் போகும் என்று தெரிந்து அதற்கு இசைந்தால், அது புத்தர் சொன்ன ‘தனக்காக’ என்ற எல்லைக்குள் வந்துவிடுகிறது. வேலை கொடுப்பவரின் பெயரைக் காட்டி ஓவியர் தம் என்எஃப்டித் தொகுப்பை விளம்பரம் செய்ய விடுவது, சமணர் சொன்ன உடன்பாடு. விலை ஏறும் என்று ஏமாற்றி விற்பவர் என்று தெரிந்தால், நம்பத்தகாதவரிடம் வேலை கொடுப்பதா என்ற தனிக் கேள்வியும் எழுகிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில் பங்கு மிக மெல்லியது.

பணத்துக்கு அடையாளம் இல்லை, அட்டைப்படத்தின் கூலி நாளை என்எஃப்டியின் பதிவுக் கட்டணமாகலாம் என்று ஒரு மறுப்பு உண்டு. அதை ஏற்றால் ஓவியருக்கு அரிசி விற்ற கடைக்காரருக்கும் வீடு வாடகைக்கு விட்டவருக்கும் அதே பங்கு உண்டு. எல்லார் மேலும் சமமாக விழும் பழி யாருக்கும் வழிகாட்டாது.

பங்கு மெல்லியது என்பதால் வேலை கொடுக்க மறுக்கக்கூடாது என்று ஆகிவிடாது. மனச்சான்று ஒப்பாத ஒருவர் வேறு ஓவியரை நாடலாம். அதற்கு அவர் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் இங்கே ஓர் எல்லை வகுக்கிறார்: ஒருவருடைய நடத்தை பிடிக்காவிட்டால் அவரைத் தவிர்க்க நமக்கு உரிமை உண்டு; தவிர்ப்பதைப் பறைசாற்றிக் காட்சியாக்க உரிமை இல்லை. அந்த எல்லை தாண்டப்பட்டதை என்எஃப்டியின் வரலாறே காட்டுகிறது. மெமோ ஆக்டென் என்ற கலைஞர் 2020 டிசம்பரில், ஒவ்வொரு என்எஃப்டியும் ஏற்படுத்திய மின்செலவை மதிப்பிட்டுக் காட்டும் இணையக் கருவி ஒன்றை வெளியிட்டார். அவருடைய இலக்கு சந்தைகளையும் அமைப்பையும் மாற்றுவது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பலர் தனித்தனி ஓவியர்களைத் தேடித் தாக்கினர். சில மாதங்களில் அவரே கருவியை நிறுத்திவிட்டார். கேட்டின் பெரும்பகுதியை உருவாக்கியவர்கள் எட்டாத உயரத்தில் இருக்க, எட்டும் தூரத்தில் இருந்த எளியவர்கள் மேல் கோபம் விழுந்தது. எந்த அறவாதமும் தன்னை இந்த இடத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எளியவர்கள் என்ற சொல் இங்கே மிகையன்று. கூலிக்கு வரையும் ஓவியருக்கு மாதச் சம்பளம் இல்லை. கொடுத்த படத்துக்குப் பணம் வரும் நாள் நிச்சயமில்லை. ஓர் ஓவியம் கைமாறும்போதெல்லாம் ஓவியருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலத்தது. பிரான்ஸ் அதை 1920இல் சட்டமாக்கியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் மூல ஓவியத்தின் மறுவிற்பனையில் பங்கு பெறும் உரிமையைச் சொல்கிறது. மூலம் என்று தனியாக ஒன்றில்லாத கணினி ஓவியத்துக்கு அந்தப் பங்கைத் தருவதாக என்எஃப்டி வாக்களித்தது. பலர் பேராசையால் வந்தனர், பலர் இந்த வாக்கை நம்பி வந்தனர். அது நிலைக்கவில்லை: சந்தைகளுக்கிடையே போட்டி முற்றியபோது, மறுவிற்பனைப் பங்கு கொடுப்பதும் கொடுக்காததும் விற்பவரின் விருப்பம் என்று 2023இல் ஓப்பன்சீ மாற்றிவிட்டது. என்எஃப்டி நிறுவனங்களே ஓவியர்களை வேலைக்கு அமர்த்தியபோதும் நிலை மேலாக இருக்கவில்லை. கோடிக்கணக்கில் விலைபோன போர்ட் ஏப் தொகுப்பின் முதன்மை ஓவியர் செனிகா, தமக்குக் கிடைத்த ஊதியம் திருப்தியானதாக இல்லை என்று 2022இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அதனால் வேலை கொடுப்பவரின் கடமை, ஓவியரின் மற்ற வருவாயைத் துருவுவதைவிடத் தம் ஒப்பந்தத்தைத் திருத்துவதில்தான் கனமாக இருக்கிறது. அதில் முதலாவது, படம் யாருடையது என்பது. அமெரிக்காவில், சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ரீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் அளித்த தீர்ப்பின்படி, சம்பள ஊழியரல்லாத தனிக் கலைஞரின் படைப்புரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். எழுத்தில் கொடுத்தால்தான் மாறும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விலை கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராக வைக்கிறது. ஒரே படம் ஒரு நாட்டில் ஓவியருடையதாகவும் மற்றொரு நாட்டில் வாங்கியவருடையதாகவும் இருக்கக்கூடும். இந்த இடைவெளியில் இருபுறமும் அநீதி நடக்க இடமுண்டு. தமக்கு உரிமை இல்லாத படத்தை ஓவியர் என்எஃப்டியாக்கலாம். ஓவியருக்குச் சொல்லாமலே வேலை கொடுத்தவரும் என்எஃப்டியாக்கலாம். உரிமை கைமாறிய பின்னும் படைப்பின் மேல் தம் பெயரைக் கோரவும், தம் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு ஓவியருக்கு உரிமை தருகிறது.

இந்தப் படத்தை யாரும் என்எஃப்டியாகப் பதியக்கூடாது என்ற நிபந்தனையைத் தம் பணத்தால் உருவாகும் படத்துக்கு விதிப்பது நியாயமே. ஓவியர் தம் சொந்தப் படங்களை எங்கே எப்படி விற்கிறார் என்பதையும் அதே பணத்தால் கட்டுப்படுத்த முயல்வது, கூலியைக் கொடுத்து மனச்சான்றையும் வாங்கப் பார்ப்பதாகும். நிபந்தனையைச் சொல்ல வேண்டிய நேரம், முன்பணம் கைமாறி வரைவு தொடங்குவதற்கு முன்பு. ஓவியர் என்எஃப்டி விற்பவர் என்பது பாதி வேலையில் தெரியவந்து, தொடர மனம் ஒப்பவில்லையென்றால், வேலை கொடுத்தவர் விலகலாம். அதுவரை வரைந்ததற்குரிய கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும்.