விழுந்தபின் எழும் உள்ளம்

விளையாட்டு வரலாற்றில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வந்த அணிகள் பல. அவற்றுள் ஆன்மிக நோக்கில் ஆழ்ந்து எண்ணத்தக்கது, 2001 மார்ச் 11 முதல் 15 வரை கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தை முதலில் வைத்து, இடுக்கண் அழியாமையை அதற்கு அடுத்து வைத்தார். முயல்பவனுக்கே இடுக்கண் வருகிறது. கலங்காதவனுக்கே முயற்சி கைகூடுகிறது. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேரும்போது என்ன நிகழும் என்பதை அந்த ஐந்து நாட்கள் காட்டுகின்றன.

வீழ்ச்சி

ஆஸ்திரேலியா அதற்கு முன் தொடர்ந்து 16 டெஸ்டுகளில் வென்றிருந்தது. மும்பையில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியா மூன்றே நாளில் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. கொல்கத்தாவில் ஹர்பஜன் சிங் ஹாட்ரிக் எடுத்தும் ஆஸ்திரேலியா 445 ரன் குவித்தது. இந்தியா 171 ரன்னில் சுருண்டது. 274 ரன் பின்தங்கிய அணியை ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வாஹ் ஃபாலோ ஆன் ஆட, அதாவது உடனே மீண்டும் பேட்டிங் செய்ய வைத்தார். அதுவரை ஃபாலோ ஆன் ஆடிய அணி வென்றது இரண்டே முறை: 1894இல் சிட்னியில், 1981இல் ஹெடிங்லியில். இரண்டிலும் வென்றது இங்கிலாந்து.

தவம்

இரண்டாம் இன்னிங்ஸில் பேட்டிங் வரிசை மாறியது. முதல் இன்னிங்ஸில் 59 ரன் எடுத்த லக்ஷ்மண் ஆறாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு உயர்த்தப்பட்டார். மூன்றாம் இடத்தைத் தமதாகக் கொண்டிருந்த ராகுல் திராவிட் ஆறாம் இடத்துக்கு இறங்கினார். கொடுத்த இடத்தில் நின்று கடமையைச் செய்வது அகந்தை கரைந்தவர்க்கே எளிது. இடம் இறங்கியதால் திராவிடின் ஆட்டத்தில் உறுதி குறையவில்லை.

இருவரும் இணைந்தபோது இந்தியா நான்கு விக்கெட் இழந்து 232 ரன்னில் இருந்தது. ஆஸ்திரேலியாவை எட்டவே இன்னும் 42 ரன் தேவை. லக்ஷ்மணுக்கு முதுகுவலி, திராவிடுக்குக் காய்ச்சல். மார்ச் 14 அன்று காலையில் ஆட்டத்தைத் தொடர்ந்த இருவரும் மாலை வரை பிரியவில்லை. ஆஸ்திரேலியாவின் மெக்ராத்தும் கில்லெஸ்பியும் வார்னும் மாறி மாறிப் பந்து வீசியும் அந்த நாளில் ஒரு விக்கெட்கூட விழவில்லை. 335 ரன் சேர்ந்தது.

கீதை உரைக்கும் கர்மயோகம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 274 என்ற பாரத்தை ஒரே மூச்சில் சுமக்க முயலும் மனம் ஒடிந்துவிடும். வந்த பந்தை மட்டும் ஆடி, போன பந்தை மறந்து, வரப்போகும் பந்துக்கு அஞ்சாமல் நிற்கும் மனத்துக்குக் களைப்பு உடம்போடு நின்றுவிடுகிறது. ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்குவதும் இத்தவத்தின் அங்கம். சாதகனுக்குச் சத்சங்கம் செய்யும் உதவியை, எதிர்முனையில் நின்ற துணை இவ்விருவருக்கும் செய்தது.

பலன்

அந்த ஜோடி சேர்த்தது 376 ரன். லக்ஷ்மண் 281 எடுத்து, கவாஸ்கரின் 236 ரன்னைக் கடந்து, அன்றைய நிலையில் டெஸ்டில் ஓர் இந்தியரின் மிக உயர்ந்த ஸ்கோரை எட்டினார். திராவிட் 180. கடைசி நாளில் இந்தியா 7 விக்கெட்டுக்கு 657 என்ற நிலையில் டிக்ளேர் செய்தது. இலக்கு 384. தேநீர் இடைவேளையில் ஆஸ்திரேலியா 3 விக்கெட் இழந்து 161 ரன்னோடு பத்திரமாகவே இருந்தது. அதன்பின் ஏழு விக்கெட்டும் சரிந்து 212இல் ஆட்டம் முடிந்தது. ஹர்பஜன் ஆறு விக்கெட், டெண்டுல்கர் மூன்று. இந்தியா 171 ரன் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து சென்னை சேப்பாக்கத்தில் 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரையும் கைப்பற்றியது.

முயற்சி அனைத்தும் வெற்றியில் முடியும் என்று எந்த அறநூலும் உறுதி தருவதில்லை. மார்ச் 14 மாலையில் வெற்றி யார் கையிலும் இல்லை. கடைசி நாள் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தாலும் அந்த ஒரு நாள் உழைப்பின் மேன்மை குறைந்திராது. பலன் காலத்தின் கையில்; கலங்காமல் நின்று செய்வது மனிதன் கையில். மீண்டெழுதலின் வேர் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. தொழிலில் நொடித்தவர்க்கும், நோயில் துவண்டவர்க்கும், தேர்வில் தவறியவர்க்கும் அது பொருந்தும்.